எத்தனை நாளா இருக்கு

இருபத்து மூன்றாம் இருக்கையில் கிடந்தது,
ஒரு முனை ஜன்னல் கம்பியில் சிக்கி.
மஞ்சூரில் இறங்கியவர்களில் யாரோ.
நான் பார்த்தது கிண்ணக்கொரையில், கடைசி நிறுத்தத்தில்.
இருந்தாலும் டார்ச் அடித்துக் கூப்பிட்டேன்,
"யாருதுங்க சால்வை?"
தேயிலைச் சரிவு ஒன்றும் சொல்லவில்லை.

சால்வை என்றேனே தவிர,
மேடையில் போர்த்தி மறுநாள் பீரோவுக்குள் போகும்
அந்தச் சால்வை இல்லை.
கனம். சாம்பல் நிலம். இரண்டு முனையிலும்
கோபுரம் கோபுரமாகச் சிவப்பும் பச்சையும்.
கழுத்தில் பட்டால் அரிக்கும்,
அரித்த இடத்தில் சூடு பிடிக்கும்.

நான் மூலனூர்க்காரன்.
எங்கள் பக்கத்து ஆட்டுக்கு மயிர் உண்டு, கம்பளி கிடையாது.
வெயிலுக்குப் பிறந்த ஆடு, வெயிலுக்குப் பிறந்த ஆள்.
மலைக்கு மாற்றல் வந்தபோது பெட்டியில் இருந்தது
இரண்டு பெட்ஷீட், ஒரு தைல டப்பா.

காலையில் டெப்போவில் ஒப்படைத்திருக்க வேண்டும்.
ஒப்படைக்கவில்லை.
கேட்டு வருவார்கள், பஸ்ஸிலேயே கொடுத்துவிடலாம் என்று
எனக்கு நானே ஒரு டிக்கெட் கிழித்துக்கொண்டேன்.

நைட் ஹால்ட்.
டிரைவர் ஹாலன் இந்த மலைக்காரர்,
காலை நீட்டினால் ஐந்து நிமிடத்தில் குறட்டை.
நான் மூவர் சீட்டில் மடங்கிப் படுத்து
அதை மூக்குவரை இழுத்துக்கொள்வேன்.
முதல் இரவு வேறு ஏதோ ஆட்டின் வாசம்,
விறகுப் புகை, நம் பக்கத்து விறகு இல்லை.
நான்காம் இரவு டீசல்.
ஏழாம் இரவு என் பீடி.

தூக்கம் வராதபோது டார்ச் வெளிச்சத்தில் ஓரத்தை எண்ணுவேன்.
கோபுரத்துக்கு ஒன்பது படி. எல்லாவற்றுக்கும் ஒன்பது.
இடது முனையில், மூன்றாவதில் மட்டும்
பச்சை வர வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு மஞ்சள்,
அரிசி நீளம்கூட இல்லை.
தறியில் இருந்தவளுக்கு அந்நேரம் என்ன?
பால் பொங்கியதா, வாசலில் யாராவது கூப்பிட்டார்களா,
வேண்டுமென்றே வைத்தாளா.
சில்லறை உதைக்கிற நாளில் கணக்கைப் பார்ப்பதுபோல்
திரும்பத் திரும்ப அதைப் பார்ப்பேன்.
வெளியே கண்ணாடியில் உறைபனி ஏறிக்கொண்டிருக்கும்.

பன்னிரண்டாம் நாள், குன்னூர் டைம் ஆபீஸில் அவள் நின்றாள்.
வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரி நர்ஸ்.
ஜங்மோ நேகி என்ற பெயரை
எபநேசர் இரண்டு முறை அடித்துத் திருத்தினார்.
ஊர் கின்னௌர். "காஷ்மீர் பக்கமா?" என்றார்.
இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.
அவள் தமிழ் முழுக்க வார்டில் கற்றது.
"அடையாளம் ஏதாவது சொல்லுங்கம்மா."
யோசித்தாள்.
பாரத்தில் தினமும் நிரப்புகிற வார்த்தை கைகொடுத்தது.
"இடது பக்கம், கீழே, ஒரு மச்சம் இருக்கு.
மஞ்சள் மச்சம்."

நான் பையைத் திறந்தேன்.

வாங்கியவள் பிரிக்காமல் முகத்தருகே கொண்டுபோனாள்.
பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்,
நாக்கை நீட்டச் சொல்லப் போகிறவள் மாதிரி.
"எத்தனை நாளா இருக்கு?"
நேற்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"பதினோரு நாளா, சிஸ்டர்."
"ராத்திரி அதிகமா?"
"ராத்திரிதான்."

தேதிக் கட்டத்தில் எபநேசர் என்ன எழுதினார் என்று
நான் எட்டிப் பார்க்கவில்லை.
துவைத்த பிறகுதான் போடுவாள் என்று நினைத்தேன்.
அங்கேயே தோளில் போட்டாள், மச்சம் உள்பக்கம் போயிற்று.
படியிறங்கும்போது திரும்பி,
"பீடி நிறுத்துங்க. ஆவி பிடிங்க."

அன்றிரவு கிண்ணக்கொரை டீக்கடையில்
ஒரு சட்டி வெந்நீர் கேட்டேன்.
எதுக்கு என்றார் ஹாலன். சொல்லவில்லை.
ஈரிழைத் துண்டைத் தலையில் போட்டுக் குனிந்தேன்.
உள்ளே இருட்டு. வெந்நீரின் வாசம் மட்டும்.
பெரிதாக மூச்சு இழுத்தேன்.